அப்பாவின் வலையில் ஏறிய காராமணி

என் செல்ல மகள் உனைசிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் தலை முதல் கால் வரை சுகம், என் இடுப்பு மட்டும் குனிந்தால் நிமிர மாட்டேன் என்கிறது, நிமிர்ந்தால் குனிய மாட்டேன் என்கிறது, பயந்துவிடாதே, அது வியாதி இல்லை, சந்தோஷம், ஏன் என்று மேலே படித்தால் தெரியும். அங்கே டனீடின் குளிரில் நீயும் இருமல் விட்டு, வேளைக்குச் சாப்பிட்டு, காலில் ஒழுங்காகக் காலுறை போட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் காலையும் மாலையும் ஜெபம் பண்ணுகிறோம். அப்பாவும் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, பேனா ஆடுகிறது, கோணல் எழுத்தாக இருந்தால் பொறுத்துக்கொள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபப்படாதே, இந்த மேட்டில் போன் எடுக்கிற இடம் சர்ச் படிக்கட்டு ஒன்றுதான், அங்கே நின்று பேசினால் போதகர் முதல் கோழி வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும், அதனால்தான் நீ கேட்கும்போதெல்லாம் அப்பா சுகம் அப்பா சுகம் என்று சொல்லி வைத்துவிடுவேன். சுகமாகத்தான் இருந்தார், என்னோடு இல்லை, அவ்வளவுதான். போதகரின் தங்கை உங்கள் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புவதால் எல்லாவற்றையும் கொட்டி எழுதுகிறேன், டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி.

கடல் ஊருக்குள் வர வர, நாங்கள் எல்லாரும் மேட்டில் கட்டின புது வீட்டுக்கு ஏறிவிட்டது உனக்குத் தெரியும். பச்சைத் தகரக் கூரை, நல்ல ஜன்னல், வீட்டுக்குள்ளேயே குழாய், அந்தக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே எனக்கு முதல் வாரம் போயிற்று. உனக்குத் தெரியாதது என்னவென்றால் உன் அப்பா ஏறவில்லை. ஊரே ஏறிற்று, சர்ச் ஏறிற்று, பன்றியும் கோழியும் ஏறிற்று, உன் அப்பா சைலோசி மட்டும் கீழே, அலை அடித்தால் அடுப்படிக்குள் நண்டு ஓடுகிற அந்த வீட்டிலேயே. கேட்டால், “மீன்காரனை மலையில ஏத்தி வெச்சா அவன் என்னத்தைப் பிடிப்பான், கொய்யாப்பழமா?” என்பார். சாப்பாட்டுக்கு மட்டும் வருவார், கை கழுவிக்கொண்டு விருந்தாளி மாதிரி பாயின் ஓரத்தில் உட்காருவார், சாப்பிட்டு முடித்து “நல்லா இருந்துச்சு” என்று சொல்வார், படகைச் சரியாகக் கட்டினேனோ இல்லையோ என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்விடுவார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷன் என் சமையலை நன்றாக இருந்தது என்று சொன்னது அப்போதுதான், பெண்டாட்டியிடம் எவனாவது அப்படிப் பேசுவானா? உன் மாமன் இனோக்கே போய்க் கூப்பிட்டான், போதகர் போய்க் கூப்பிட்டார், புயல் மாதம் வருகிறது என்று நான் அழுதும் பார்த்தேன். ஒரே ஒரு நாள் மட்டும் படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “மேல எனக்கு என்ன வேலை, தரை?” என்று என் பேரைச் சுருக்கிக் கூப்பிட்டுக் கேட்டார். கடலில் உன் அப்பாவுக்கு மிஞ்சின ஆள் இந்தக் கரையில் கிடையாது, மேலே வந்தால் அவரும் கவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழவர்களில் ஒருவர், அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நான் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினேன்.

அப்புறம்தான் தோட்டம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது, இயந்திரம் வைத்து வழித்த சிவப்பு மண், புல்கூட இல்லை. ஒரு நாள் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, குனிந்து ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை! கீழே எத்தனை வருஷமாக நாம் நட்டதெல்லாம் உப்பில் வெந்து போயிற்று, மரவள்ளி அழுகி, சேம்பு மஞ்சளாகி, கடைசியில் டப்பா மீனும் நூடுல்ஸும் தின்று நம் எல்லாருக்கும் நாக்கே செத்துப் போயிருந்தது. இது வெறும் மண், சப்பென்று, தண்ணீர் மாதிரி. நம்ப முடியாமல் இன்னொரு கிள்ளு எடுத்து வாயில் போட்டேன், அந்த நேரம் பார்த்து உன் மாமன் சரிவோரம் வந்தான். வந்தவன் வாயை மூடிக்கொண்டு போனானா? நேரே கவா குடிக்கிற இடத்தில் போய், “எங்க அக்கா மண்ணு தின்றா, இந்த வயசுல மசக்கை போலிருக்கு, மச்சான் சாப்பாட்டுக்கு மட்டும்தான் வர்றார்னு நாமதான் ஏமாந்துட்டோம்” என்று சொல்லியிருக்கிறான். ஊரே சிரித்து உருண்டிருக்கிறது. அது கீழே எட்டி, உன் அப்பா மத்தியானமே மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார், என் முகத்தைப் பார்க்கிறார், வயிற்றைப் பார்க்கிறார், “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்கிறார். நான் சிரிக்கிற சிரிப்பில் பதில் சொல்ல முடியவில்லை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே இறங்கிப் போனார், பாவம், அன்றைக்குத் தேங்காய்ப்பாலில் கீரை.

அந்த வாரமே பஸ் பிடித்து லம்பாசா சந்தைக்குப் போனேன். அங்கே விதை விற்கிற தேவ்மதி அக்காவை உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, கரும்புத் தோட்டத்துக்காரி, பேசினால் மிளகாய் கடித்த மாதிரி இருக்கும். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மீன் அறுத்த கை, இதுல என்ன முளைக்கும்?” என்று கேட்டாள், கேட்டுவிட்டு அவளே காராமணி, கத்தரி, வெள்ளரி, மிளகாய், பாகல் என்று பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள். கோழி எச்சமும் காட்டு மரத்தடிக் கறுப்பு மண்ணும் போட்டுக் கிளறு என்று சொல்லிக் கொடுத்தாள். நானும் சாக்குச் சாக்காகச் சுமந்தேன், கிளறினேன், விதைத்தேன், தினமும் வாளி வாளியாக ஊற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவ்மதி அக்கா நம் புது வீட்டைப் பார்க்க வந்தாள், நான் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, “செடிக்குத் தண்ணி ஊத்துறியா, ஞானஸ்நானம் குடுக்கறியா?” என்று கேட்டாள். அவள் சாபமோ என்னமோ, மறு நாளே ஒரு மழை. மழையா அது! மேட்டில் விழுந்த தண்ணீர் எல்லாம் என் பாத்தி வழியாகத்தான் இறங்குவேன் என்று இறங்கிற்று. விடிந்து பார்த்தால் வழுவழுவென்று சிவப்புச் சரிவு, ஒரு விதை இல்லை. நான் படியில் உட்கார்ந்து அழுதேன். நீ சிரிக்காதே, இனிமேல்தான் சிரிக்க வேண்டியது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் சரிவில் நமக்கு அடுத்த கீழ்வீட்டு இனோக்கேயின் முற்றம் முழுக்கப் பச்சை! என் காராமணி, என் கத்தரி, என் வெள்ளரி, எல்லாம் ஜோராக முளைத்து நிற்கிறது, மண்வெட்டி எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத அந்தச் சோம்பேறி முற்றத்தில். நான் பாய்ந்து போனேன். அவன் கயிற்றுத் தொட்டிலில் ஆடிக்கொண்டே, “மழை கொண்டாந்துது அக்கா, மழையைக் குடுத்தது ஆண்டவர், ஆண்டவரோட சண்டை போடாதே” என்கிறான். நான் தென்னை மட்டையை எடுத்தேன். ஓடினான். பாதி நாற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன், மீதிப் பாதியை விட்டதற்குக் காரணம் தம்பிப் பாசம் இல்லை, கை கொள்ளவில்லை.

சரிவில் குறுக்கே படி படியாகத் தடுப்பு வைத்தால்தான் மண் நிற்கும் என்று புரிந்தது. தடுப்புக்குப் பலகை வேண்டும். பலகைக்கு எங்கே போவது? எனக்கு உடனே நம் பழைய அடுப்படி ஞாபகம் வந்தது, நண்டுதானே குடியிருக்கிறது, சும்மா கிடக்கும் பலகை. உன் அப்பா கடலுக்குப் போன நேரம் பார்த்து நானும் ஊர்ப் பெண்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய் ஒரு சுவரைப் பிரித்துத் தூக்கி வந்துவிட்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் சுவர் பலகைக்காகத்தான். அன்று சாயங்காலம் அவர் சாப்பிட வந்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், தன் சுவர் மண்ணில் படுத்திருப்பதைப் பார்த்தார், “நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மறு வாரம் இரண்டாவது சுவர். அப்புறம் மழைத் தண்ணீர் பிடிக்கிற பீப்பாய். அப்புறம் கூரைத் தகரம் ஒன்று, நாற்றுக்கு நிழல் வேண்டாமா? ஒரு பக்கம் கடல் பிடுங்குகிறது, மறு பக்கம் நான் பிடுங்குகிறேன், நடுவில் உன் அப்பா பாய் விரித்துப் படுத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் கரைக்குத் திரும்பும்போது வீட்டில் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். இனோக்கே அவரைப் பார்த்து, “மச்சான், ராத்திரி காத்து நல்லா வருதா? நாலு பக்கமும் ஜன்னல் வெச்சிருக்கீங்களே, பெரிய பணக்காரர்தான்” என்று கேட்டானாம். அதற்கு அவர் படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே நடந்துவிட்டாராம். நான் மண்வெட்டியைப் போட்டுக்கொண்டே இருந்தேன், செடி ஒவ்வோர் இலையாக விட்டுக்கொண்டே இருந்தது, எனக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தது.

அப்புறம் பன்றி வந்தது. இனோக்கேயின் பன்றி, அவனை மாதிரியே கூப்பிடாத விருந்துக்கு முதலில் வருகிற ஜென்மம். ஒரே காலையில் சர்க்கரைவள்ளிப் பாத்தி முழுவதையும் உழுதுவிட்டுப் போயிற்று. வேலி வேண்டும், காராமணி ஏறப் பந்தலும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து என்ன இருக்கிறது என்று யோசித்தேன். உனக்கே தெரியும், உன் அப்பாவின் பெரிய வலை. கானாங்கெளுத்தி கூட்டமாக வருகிற மாதத்தில் மட்டும் எடுப்பாரே, மீதி நாளெல்லாம் பழைய வீட்டுப் பரண் மேல் குழந்தை மாதிரி சுருட்டி வைத்திருப்பாரே, நம்மில் யாரையும் தொடவிடாத அந்த வலை. அதை எடுத்தேன். அவர் கடலில் இருந்த நேரம் பார்த்துத் தூக்கி வந்தேன். கம்பு நட்டு, எனக்குத் தெரிந்த மாதிரி கட்டி, சுற்றி வளைத்து நிறுத்தினேன். சுவரைப் பார்த்த நாளிலிருந்து அவர் பின்பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை, அதனால் அவருக்குத் தெரியவில்லை. காராமணி அதைப் பார்த்ததும் இதற்காகவே பிறந்தது போல் பிடித்துக்கொண்டு ஏறிற்று, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சுருள், மேலே போய் ஊதா ஊதாவாகப் பூத்தது, நான் காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் போய் அதைத்தான் பார்ப்பேன்.

கானாங்கெளுத்தி வந்தது. பகல் வேளை, நான் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன், கீழிருந்து ஒரு சத்தம், உன் அப்பா ஏறி வருகிறார், அவர் பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வருகிறது, எல்லாருக்கும் முன்னால் இனோக்கே. வந்து நின்றார், முகம் சிவப்பு மண் மாதிரி இருந்தது. “சுவத்தைப் பிடுங்கினே, பேசினேனா? பீப்பாயை உருட்டிட்டுப் போனே, பேசினேனா? தகரத்தை எடுத்தே, மழையில நனைஞ்சுகிட்டுக் கெடந்தேன், பேசினேனா? வலையில கை வெச்சியே தரைவினி!” முழுப் பேர் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டது எங்கள் கல்யாணத்தன்று போதகர் முன்னால்தான். “உங்க வலை, கழட்டிக்கிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றேன். விறுவிறு என்று போனார், வலையின் மேல் கையை வைத்தார். கழற்ற வேண்டும் என்றால் கொடியை அறுக்க வேண்டும், அவ்வளவு அடர்த்தியாகப் பின்னியிருந்தது. ஒரு சுருளை விரலால் நிமிண்டிப் பார்த்தார், அது விடவில்லை. கயிறு இழுப்பதுபோல் லேசாக இழுத்தார், அப்போதும் விடவில்லை. அவர் அப்படியே குனிந்து கம்பில் நான் போட்டிருந்த கட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, சர்ச்சில் பாவத்தைப் பற்றிப் பேசுகிற குரலில், “இது என்ன முடிச்சு?” என்று கேட்டார். நான், முடிச்சுதான் என்றேன். “இதுவா? கொசுவைக்கூட இதுல கட்ட முடியாது. இத்தனை வருஷம் என் வீட்டுல இருந்து, ஒரு கம்புல கயிறு கட்டத் தெரியலை உனக்கு!” என்றார். அடுத்த கம்புக்குப் போனார், “ஐயோ” என்றார். அதற்கடுத்த கம்புக்குப் போனார், “ஆண்டவரே” என்றார். அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்து முதல் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

இனோக்கே சும்மா இருப்பானா? “மச்சான், காராமணி கடிக்குதா? தூண்டில் கொண்டாரட்டுமா?” என்று கத்தினான். உன் அப்பா திரும்பிப் பார்க்காமலே, “உன் பன்னிக்கு ஒரு முடிச்சு வெச்சிருக்கேன், இரு” என்றார். சனம் சிரித்துக் கலைந்து போயிற்று. அவர் ஒவ்வொரு கம்பாகப் போனார், கொடி ஒன்றுகூட ஒடியாமல் வலையைத் தூக்கித் தூக்கி இழுத்துக் கட்டினார், படகுப் பாய் மாதிரி விறைத்து நின்றது. தளர்ந்த இடத்தில் வலையூசியை எடுத்துத் தைத்தார். நான் கூப்பிடவில்லை, இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, சேம்பை வேகவைத்து அவருக்கும் எடுத்து வைத்தேன். பொழுது சாய்ந்தது, வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நல்லா இருந்தது என்று சொல்லவில்லை! “உப்பு கம்மி” என்றார்! உனைசி, எனக்கு அங்கேயே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. தட்டை நகர்த்திவிட்டு, இன்னும் பாதிக் கம்பு பாக்கி இருக்கிறது, காலையில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லி, நடுப்பாயில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் நான் அழுதது கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இங்கே எனக்கு வாழ்வு இல்லை, கேள். தோட்டம் அவருடையதாகிவிட்டது. விடிகாலையில் கடலுக்குப் போகிறார், வந்ததும் மீன் குடலையும் கடல்பாசியையும் சுமந்து மேலே வருகிறார், வேரில் புதைக்கிறார், எனக்கு உத்தரவு போடுகிறார். நிலவைப் பார்த்து இன்றைக்கு விதை, நாளைக்கு விதைக்காதே என்கிறார். காற்று மாறப் போகிறது என்று மூக்கைத் தூக்கி மோந்து பார்த்து நாற்றை மூடச் சொல்கிறார், நான் வானம் தெளிவாக இருக்கிறதே என்றால் உதட்டைப் பிதுக்குகிறார், சாயங்காலம் காற்று மாறித்தான் தொலைக்கிறது. முதல் வெள்ளரிக்காயைச் சர்ச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான், நாமே தின்று பார்க்க வேண்டும் என்று அவர், அந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே இனோக்கே அதைத் தின்றுவிட்டான். கத்தரியைச் சுட்டுத் தேங்காய்ப்பால் விட்டேன், காராமணியை மீனோடு போட்டேன், ஒரு வாய் வைத்ததும் செத்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. தேவ்மதி அக்காவுக்கு ஒரு கூடை காராமணி கொண்டு போனேன், ஒன்றை ஒடித்துக் கடித்துப் பார்த்து, “பரவாயில்ல, மீன் நாத்தம் இல்ல” என்றாள். அவள் வாயில் அது பெரிய பட்டம்.

போன மாதம் ஒரு காலையில் உன் அப்பாவைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பாதையில் ஒரு கதவு ஏறி வருகிறது. கதவுக்குக் கீழே இரண்டு கால். நம் பழைய வீட்டு முன்கதவு, நீ சின்னதில் ஆணியால் பேர் கீறி அடி வாங்கினாயே, அதேதான். அவராகவே போய், கீலைக் கழற்றி, முதுகில் சுமந்து கொண்டு வந்துவிட்டார். நான் வெந்நீர் வைத்தேன். கம்பு இரண்டு நட்டு, வலை வேலிக்கு நடுவில் அந்தக் கதவை நிறுத்தினார். சுவரும் இல்லாமல் கூரையும் இல்லாமல் மேட்டில் ஒரு கதவு நிற்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள், அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாதாம். போதகரே தட்டிவிட்டுத்தான் வருகிறார். அடுத்த முறை கடல் பொங்கினபோது கீழே மிச்சமிருந்ததும் போய்விட்டது, தரை, தூண், எல்லாம். சத்தம் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் தோட்டத்தில் நின்று பார்த்தோம். அவர் படுத்திருந்த இடத்துக்கு மேலே தண்ணீர் வெள்ளையாகப் புரண்டது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார், அவர் கை முழுக்க மண். கொஞ்ச நேரம் கழித்து, “பாகலுக்குப் பந்தல் போடணும்” என்றார், கம்பு எடுக்கப் போய்விட்டார்.

கையும் வலிக்கிறது, தாளும் தீர்ந்துவிட்டது. நாங்கள் விதையோ கிழங்கோ உனக்கு அனுப்பவில்லை, விமான நிலையத்தில் நாய் வைத்து மோப்பம் பிடிக்கிறார்களாம், போதகரின் தங்கை பயந்துவிட்டாள். உன் மாமன் உனக்கு ஒரு பாய் அனுப்பியிருக்கிறான், அதுவும் நான் முடைந்ததுதான், தான் கொடுத்ததாகச் சொல்லச் சொன்னான். நீ வேலை வேலை என்று எலும்பும் தோலுமாகப் போகாதே, ஜன்னலோரம் ஒரு சட்டியிலாவது மிளகாய்ச் செடி வை, நாக்குக்கு இல்லாவிட்டாலும் கண்ணுக்கு. கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்க மறந்துவிடாதே, இப்போதே கேட்டு வை. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துளிர்க்கட்டும், உன் தலைமேல் எங்கள் இரண்டு பேர் கையும் இருக்கிறது. வரும்போது தோட்டத்துக் கதவைத் தட்டிவிட்டு வா, பெற்ற பெண்ணாக இருந்தாலும் தட்டித்தான் வர வேண்டும் என்று உன் அப்பா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறார்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா தரைவினி
(அப்பா கை கழுவாமல் தாளைத் தொட்டுவிட்டார், ஓரத்தில் இருக்கிற சிவப்பு அவர் விரல்.)